மயிலாடி உபதேசியார் வேதமாணிக்கம்

தென் திருவிதாங்கூர்ச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் ரிங்கல்தௌபே என்னும் செருமானியத் தொண்டரின் வருகையிலிருந்தே அதனைத் தொடங்குவர். அவரை அழைத்து வந்தவர் யார், அவர் சென்ற பின் பணியைக் காத்தவர் யார் என்னும் வினாக்களுக்கு விடையாக நிற்பவர் மகராசன் வேதமாணிக்கம். அவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் சாம்பவர் குலத்தில் தோன்றியவர்.

அந்நாளைய திருவிதாங்கூரில் பறையரும் புலையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகளாய் உழன்றனர். அரசு அடிமை முறையை முற்றும் ஒழித்தது 1855-ஆம் ஆண்டில்தான். தலைவரியும் கூலியற்ற ஊழியமும் தாழ்த்தப்பட்ட மக்களை நசுக்கின. எழுத்தறிவு அவர்களுக்கு எட்டாக் கனியாயிருந்தது. இத்தகைய சூழலிலேதான் மகராசன் வாழ்ந்தார்.

இறைநாட்டம் மிக்க அவர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தில்லைக்கு யாத்திரை சென்றார். அப்பயணத்தில் தஞ்சையிலிருந்த கிறித்தவ உறவினரைக் கண்டார். ஆலயத்தில் அருளுரை கேட்டார். திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஊர் திரும்பினார். தாம் பெற்றதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் சுற்றத்தார்க்குச் சொன்னார். எதிர்ப்பும் இடரும் சூழ்ந்தன. எனினும் தம் மக்களுக்கு ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்னும் முயற்சியைக் கைவிட்டாரல்லர்.

1804-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் பயின்ற ரிங்கல்தௌபே, 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் கடந்து திருவிதாங்கூரை அடைந்தார். ஆலயம் எழுப்ப அரசின் இசைவு எளிதில் கிட்டவில்லை. ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மெக்காலேயின் துணையால் 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அவ்வாண்டிலேயே பள்ளியும் தோன்றியது. எளிய குடிசையில் வாழ்ந்து, தம் ஊதியத்தையும் பிறர்க்கு ஈந்த ரிங்கல்தௌபே, உடல் நலிந்து 1816-இல் விடைபெற்றார். பின்னர்க் கடற்பயணம் ஒன்றில் மறைந்த அவரைப் பற்றி யாதொரு செய்தியும் கிடைக்கவில்லை.

புறப்படுமுன் சபைப் பொறுப்பை அவர் ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடமே. அடுத்த தொண்டரான மீட் ஐயர் வந்து சேர்ந்தது 1818-இல். இடைப்பட்ட ஏறத்தாழ ஈராண்டுகள் அங்கே மிஷனெரி எவரும் இலர். பட்டமோ செல்வமோ இல்லாத ஓர் உபதேசியார், தம் சொல்லாலும் ஒழுக்கத்தாலும் மக்களைச் சிதறாது காத்தார். மீட் ஐயரின் பெரும்பணிகள் யாவும் இவ்வாறு காக்கப்பட்ட அடித்தளத்தின் மீதே எழுந்தன. மயிலாடியில் தொடங்கிய கல்விப்பணி நாகர்கோவிலுக்கு மாறி வளர்ந்து, 1893-இல் கல்லூரி நிலையை எய்தியது. அதுவே இன்றைய ஸ்காட் கிறித்தவக் கல்லூரி.

பிறர் மனமிரங்கித் தந்ததை வாங்கிக்கொண்டவர்கள் மட்டுமே நம் முன்னோர் என்று கூறுவோர் உளர். வேதமாணிக்கத்தின் வாழ்வு அதனை மறுக்கிறது. ஆசிரியரைத் தேடியவரும் அவரே. ஆசிரியர் அகன்றபின் விளக்கு அணையாமல் காத்தவரும் அவரே. வெளியிலிருந்து வரும் துணை எத்துணைப் பெரிதாயினும் ஒருநாள் விடைபெறும். அதன்பின் பணியைத் தாங்குவோர் ஊரிலேயே வாழும் நம்மவரே. கல்விப்பணியில் ஈடுபட்டுள்ள நாம் ஒவ்வோர் ஊரிலும் இத்தகையோரை உருவாக்குதல் வேண்டும். அவர்தம் பெயர்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருதலும் நம் கடனாகும்.