ஜென்ம பாவமும் அருளும்: தமிழில் ஒரு கோட்பாட்டின் பயணம்

பீன்யா பட்டறைகளில் சைவரும் வைணவரும் கிறிஸ்தவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர்கள். டீ நேரத்தில் பேச்சு சமயத்துக்குத் திரும்பினால், "பொறந்த குழந்தை என்னப்பா பாவம் பண்ணிச்சு?" என்று யாராவது கேட்டுவிடுவார். இந்தக் கேள்விக்கு வயது ஆயிரத்து அறுநூறு!

வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்டின் (354–430), ஆதாமின் குற்றமே சந்ததிக்கும் இறங்குகிறது என்று வாதிட்டார். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரம் அவருக்கு ஆதாரம். ஆனால் அவர் படித்தது லத்தீன் மொழிபெயர்ப்பு. 'அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்' என்று அதற்குப் பொருள் கொண்டார். கிரேக்க மூலமோ 'எல்லாரும் பாவஞ்செய்தபடியால்' என்ற பொருளையே தருகிறது என்பர் இன்றைய அறிஞர் பலர். கீழைத் திருச்சபைகள் ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணம், குற்றமல்ல என்றே கொண்டன. மனிதன் தன் முயற்சியாலேயே நேர்மையாக வாழ இயலும் என்ற பெலாகியுஸின் போதனையைக் கார்த்தேஜ் சங்கம் 418இல் தள்ளியது. செயலால் வராத நோய் செயலால் தீராது, அருளால்தான் தீரும் என்பது அகஸ்டினின் முடிவு.

இது தமிழுக்கு வந்தபோதுதான் சிக்கல். 'ஜென்ம பாவம்' என்றால் நம் காதில் முன்வினை என்றே விழும். வினையோ அவரவர் கணக்கு. இதுவோ முப்பாட்டன் வாங்கின கடன். என் பார்வையில் இதற்கு நெருங்கிய உறவு சைவ சித்தாந்தத்தின் ஆணவ மலம். அதுவும் செயலால் வந்ததல்ல, திருவருளின்றி நீங்காது. ஆனால் ஆணவம் அநாதி. ஆதாம் கதைக்கோ ஒரு தொடக்கம் உண்டு. அருளுக்குச் சொல் தேடியும் அலைந்திருக்கிறார்கள். பழைய கத்தோலிக்க செபங்களில் 'பிரியதத்தம்', சீர்திருத்த சபையாரிடம் 'கிருபை'. பிரியமாய்த் தந்தது என்ற அந்தப் பழஞ்சொல் வழக்கொழிந்தது எனக்கு வருத்தமே.

1870களில் நம் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியை நடத்திய ஜி.யு. போப், 1900இல் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது சித்தாந்தம் பற்றியும் நீண்ட குறிப்புகள் சேர்த்தார். அவர் முன்பு பணியாற்றிய சாயர்புரத்தில் பிற்பாடு தமிழாசிரியராக வந்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவராய்ப் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்று, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தவர். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டுமா, பூனைக்குட்டி போலச் சும்மா இருந்தால் போதுமா என்ற வடகலை தென்கலை வழக்கு வைணவர் அறிந்ததே. லூத்தரும் ரோமும் மோதியதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன.

சரி, அந்தக் குழந்தை? ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களுக்கு 'லிம்போ' என்று ஓர் இடம் உண்டென்று இடைக்காலத்தில் கற்பித்தார்கள். துன்பம் இல்லை, இறைக்காட்சியும் இல்லை. மந்திரித்த கல்லறை நிலத்தில் இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் அதை எப்படித் தாங்கினார்களோ! 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு, அப்பிள்ளைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப உறுதியான காரணங்கள் உண்டு என்று எழுதியது. நிச்சயமான அறிவு என்று அது சொல்லவில்லை. நம்பிக்கை என்றே சொன்னது.