எண்ணுக்கு ஒதுக்கிய இடம்

கணினியில் எந்த எண்ணும் விருப்பம்போல் வளர்ந்துவிட இயலாது. அதற்கென முன்கூட்டியே ஓர் இடம் அளந்து ஒதுக்கப்பட்டிருக்கும். 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,294,967,295. நான்கு ஜிகாபைட் நினைவகமோ 4,294,967,296 பைட். ஒன்றே ஒன்று கூடுதல். அதற்கும் மேற்பட்ட நினைவகமுள்ள கணினியிடம் அளவைக் கேட்டால், விண்டோஸின் பழைய செயற்கூறொன்று 'கழித்தல் 1' என விடை சொல்வதுண்டு. நிர்வாகிகள் எழுதிய விபிஸ்கிரிப்ட் நிரல்களுக்கு அந்த அளவு எண்ணாக அன்றி வெறும் எழுத்துச் சரமாக வந்து சேர்ந்ததும் இந்த இட நெருக்கடியாலேயே.

கணினியையே கண்டிராத வன்னி விவசாயியும் இதே நெருக்கடியைச் சட்டைப்பையில் சுமந்து திரிந்தார். தேசிய அடையாள அட்டையைத்தான் சொல்கிறேன். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972இல் வழங்கத் தொடங்கிய அந்த அட்டையின் எண்ணில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். இறுதியில் 'வீ' எனும் எழுத்திருந்தால் வாக்குரிமை உண்டு. சிக்கனமான ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் 1900இல் பிறந்தவருக்கும் 2000இல் பிறந்தவருக்கும் ஆண்டு '00' தானே! அட்டை பெறும் வயது அப்போது 16. 2000இல் பிறந்தோர் அவ்வயதை எட்டிய 2016 ஜனவரி 1 முதல் புதிய எண்கள் 12 இலக்கமாயின.

வன்னியில் இந்த எண்ணுக்கு வேறோர் எடை இருந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அட்டையின்றி ஓரடி நகர முடியாது. 2009இல் மெனிக் பாம் உள்ளிட்ட வவுனியா முகாம்களுக்கு வந்துசேர்ந்த 2,50,000க்கும் மேற்பட்டோரில் பலரிடம் அட்டையும் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை.

காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலருகே போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் தேடுவோரில் அட்டை பெற்றிருந்தவர்களின் எண்கள் பழைய 9 இலக்கத்தவை. 2000க்குப் பின் பிறந்த தம்பியின் எண் 12 இலக்கம். 2009இல் காணாமற்போன அண்ணனுடையது 9 இலக்கமும் ஒரு 'வீ'யும். பதினாறு வயது நிறையுமுன் காணாமற்போனோருக்கு எந்த எண்ணும் கிடைத்திருக்கவில்லை.