பனூ மூஸாவின் துருத்தியும் எங்கள் கிணறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லைத் தோண்டி எடுத்த கிணறுதான் குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எம்மவர்கள் பல்லாண்டு கழித்துத் திரும்பி வந்தபோது, பாழடைந்த வளவுகளில் கிணற்றையும் இறைத்துத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. கிணற்றுக்குள் இறங்குபவரின் மூச்சு எங்களுக்கு ஏட்டுச் சங்கதியல்ல.

இந்த மூச்சைப் பற்றி 9ஆம் நூற்றாண்டிலேயே பக்தாதில் சிந்தித்திருக்கிறார்கள். முஹம்மத், அஹ்மத், அல்ஹஸன் எனும் மூன்று சகோதரர்களே பனூ மூஸா எனப்படுவோர். அவர்களுடைய ‘கிதாபுல் ஹியல்’ ஏறக்குறைய 100 பொறிகளை விளக்குகிறது. பெரும்பாலானவை வியப்பூட்டும் பாத்திரங்களும் நீரூற்றுகளும். அவற்றிடையே, இறங்குவோரைக் கொல்லும் கிணறுகளுக்கென்றே ஒரு பொறி உண்டு. துருத்தியால் வெளிக்காற்றைக் குழாய் வழியே உள்ளே இருப்பவருக்கு அனுப்புவது அதன் அடிப்படை. கெட்ட காற்றை வடிகட்ட முயலாமல், நல்ல காற்றையே கொண்டுபோவதுதான் அதன் நுட்பம்.

ஆனால் குழாயின் நீளமே மனிதனின் எல்லை. அந்தக் கட்டை அறுத்தவை, காற்றைக் கூடவே சுமந்து செல்லும் சுவாசக் கருவிகள். அவை இரு வகை. ஒன்று மூடிய சுற்று: வெளிவிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை இரசாயனம் உறிஞ்ச, குறைந்த ஒட்சிசன் சிலிண்டரிலிருந்து சேரும். இங்கிலாந்தின் ஹென்றி புளூஸ் 1878இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1880இல் வெள்ளம் புகுந்த செவர்ன் சுரங்கத்துள் அலெக்சாண்டர் லாம்பேர்ட் என்ற சுழியோடி இதை அணிந்தே சென்றார். மற்றது திறந்த சுற்று: முதுகுச் சிலிண்டரில் அமுக்கிய காற்று, விட்ட மூச்சு வெளியே போய்விடும். தீயணைப்பு வீரர் அணிவது பெரும்பாலும் இதுவே. நீண்ட நேரத்துக்கு முதல் வகை, எளிமைக்கு இரண்டாவது.

சாதாரண வடிகட்டி முகமூடி இவற்றுக்கு ஈடாகாது. இயல்பான காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 சதவீதம்; அது குறைந்த இடத்தில் வடிகட்டி எதைத் தரும்? இன்னொரு பழக்கம், விளக்கை இறக்கிப் பார்த்து, “விளக்கு நூரேல்லை, பயமில்லை, இறங்கு” என்பது. நூர்ந்தால் ஆபத்து என்பது உண்மை. நூராவிட்டால் ஆபத்தில்லை என்பது பிழை. கிணற்றுக்குள் இறக்கி ஓட்டிய தண்ணி மெசின் கக்கும் காபனோரொட்சைட்டு விளக்கை அணைக்காது, மணக்காது, ஆளை மட்டும் விழுத்தும். பலவேளை, விழுந்தவரைத் தூக்கவென்று அவசரத்தில் இறங்குபவரே அடுத்த மையித்தாகிறார்.

ஆகவே மெசின் மேலேயே நிற்கட்டும். ஒருவர் விழுந்துவிட்டால் மேலிருந்து கயிற்றால் இழுக்க முடியுமா என்று பாருங்கள். தீயணைப்புப் பிரிவை அழையுங்கள். கருவியில்லாமல் எவரும் இறங்கக்கூடாது. பனூ மூஸாவின் ஏட்டைப் பெருமைக்காகச் சொல்வதோடு நில்லாமல், அது சொன்ன பாடத்தைக் கிணற்றடியிலும் பின்பற்றுவோம்.