ஜப்பானியர் காலம் – 14: நீர்த்தேக்கக் கரையில் ஓர் ஈசே

கிம்மாஸுக்கு அருகே கெமெஞ்சே பாலத்தில் 1942 ஜனவரி 14 அன்று ஆஸ்திரேலியப் படை நடத்திய பதுங்குத் தாக்குதல் ஜப்பானியரின் தெற்கு நோக்கிய ஓட்டத்தைச் சற்றே தாமதப்படுத்தியது என்பதும், அதற்குள் சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் துரைமார் இல்லாத தோட்டங்களாகிவிட்டன என்பதும் முந்தைய பகுதிகளில் சொல்லப்பட்டன. சயாம்–பர்மா இரயில் பாதை போட நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ஆள் திரட்டப்பட்ட வரலாறு இந்த வாரம் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஆள் திரட்டிய ஆட்சி தன்னை எத்தகைய ஆட்சியாக எண்ணிக்கொண்டிருந்தது என்பது தெரியாமல் அந்த வரலாற்றுக்குள் நுழைந்தால் பாதிதான் விளங்கும். அதைக் காட்டும் கட்டடம் ஒன்று சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுக்குள் இன்றும் சிதைந்து கிடக்கிறது.

அதன் பெயர் ஷோனான் ஜின்ஜா. ஜின்ஜா என்பது ஷிந்தோ சமயத்தின் வழிபாட்டிடம். ஷிந்தோ என்பது மலை, அருவி, மரம், முன்னோர் ஆகிய அனைத்திலும் உறையும் ‘காமி’ எனப்படும் தெய்வ ஆற்றல்களைப் போற்றும் ஜப்பானியரின் பழஞ்சமயம். ஷோனான் என்பது 1942 பிப்ரவரி 15 அன்று வீழ்ந்த சிங்கப்பூருக்கு ஜப்பானியர் சூட்டிய பெயர். சூரிய தேவியான அமதெராசுவுக்கு உரியதாக இந்த ஜின்ஜாவை எழுப்பும் வேலை, வெற்றி கிட்டிய சில மாதங்களுக்குள்ளேயே தொடங்கிவிட்டது. மரம் அறுத்தும் கல் சுமந்தும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள். வடிவமைப்புப் பொறுப்பு பொறியாளரான மேஜர் யாசுஜி தமுராவிடம் இருந்தது. நீர்த்தேக்கத்தின் ஒரு கிளையின் குறுக்கே மரப்பாலம், அதைக் கடந்தால் கற்படிகள், படிகளுக்கு அருகே கைகளையும் வாயையும் கழுவுவதற்கான கருங்கல் தொட்டி, மேலே மரக்கூடம் என்ற அமைப்பு முழுவதும் ஜப்பானின் ஈசே திருத்தலத்தை நினைவூட்டும்படி திட்டமிடப்பட்டது.

ஈசேயைப் பற்றி அறியாமல் அந்தப் பாலத்தின் பொருள் விளங்காது. ஹொன்ஷு தீவின் மியே மாநிலத்தில், கடலுக்கு அருகே, இசுசு ஆற்றின் கரையில் அமதெராசுவின் தலைமைத் தலம் இருக்கிறது. ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள உஜி மரப்பாலத்தைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். கருவறையில் தேவியின் சின்னமாகக் கண்ணாடி ஒன்று வைக்கப்பட்டிருப்பதாக நம்பப்படுகிறது. பொதுமக்கள் அதைப் பார்க்க முடியாது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, பக்கத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கும் காலி மனையில் அதே அளவில், அதே ஹினோக்கி மரவகையால் புதிய கோயில் எழுப்பி, தெய்வத்தை அதற்கு மாற்றிப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 690ஆம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இவ்வழக்கத்தின் 62ஆவது சுற்று 2013இல் நடந்தது. பிரித்தெடுத்த மரம் நாட்டின் வேறு ஜின்ஜாக்களுக்கு வழங்கப்படுகிறது. உலகின் பழந்தலங்கள் கல்லை நம்பி நிலைத்திருக்க, ஈசே தச்சர்களின் கைத்திறனை நம்பி நிலைத்திருக்கிறது என்பதே அதன் தனிப்பெருமை.

ஈசேக்குப் போகும் பயணம் கடற்கரையில்தான் தொடங்கியது. அருகிலுள்ள ஃபுதாமி கடலில் நீராடி உடலையும் மனத்தையும் தூய்மை செய்துகொண்ட பிறகே தலத்துக்குள் நுழைவது பழைய யாத்திரிகர்களின் முறை. இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி எழுந்த பின் கோயிலுக்குள் செல்லும் தமிழருக்கு இந்த ஒழுங்கை விளக்க வேண்டியதில்லை. ஃபுதாமி கரையோரம் கடலுக்குள் பெரிதும் சிறிதுமாக நிற்கும் இரு பாறைகளைக் கணவன் மனைவியாகக் கருதி, வைக்கோல் புரியால் திரித்த தடித்த கயிற்றால் பிணைத்திருக்கிறார்கள். ஷிமெனாவா எனப்படும் அக்கயிறு ஆண்டுக்கு மூன்று முறை புதுப்பிக்கப்படுகிறது. கோடையின் நீண்ட பகல் நாட்களில் சூரியன் அவ்விரு பாறைகளுக்கு இடையிலிருந்து எழுவதைக் காண இன்றும் கூட்டம் கூடுகிறது.

எதோ எனப்படும் காலத்தில், அதாவது 1868க்கு முன் தொகுகாவா குலத்தார் ஆண்ட காலத்தில், இந்த யாத்திரை எளிய மக்களின் பெருவிழாவாக இருந்தது. ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு கேட்ட அந்த நாட்களில் ஈசே யாத்திரை என்றால் கெடுபிடி தளர்ந்தது. எசமானிடம் சொல்லாமல் கிளம்பிய வேலைக்காரர்களும் கடைப் பையன்களும் கையில் ஓர் அகப்பையோடு நடந்து, வழியிலுள்ள ஊர்களின் சோற்றையும் காசையும் அதில் வாங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். 1830இல் மட்டும் பல இலட்சம் பேர் அலையலையாகத் திரண்டார்கள். நடக்க இயலாத சிலர் தம் நாயின் கழுத்தில் காணிக்கைக் காசைக் கட்டி அனுப்பியதும், வழிப்போக்கர்கள் அந்த நாய்க்கு உணவிட்டு ஈசே வரை கொண்டுசேர்த்ததும் அக்காலப் படங்களிலேயே வரையப்பட்டுள்ளன. தோட்டத்து மக்கள் காவடி தூக்கிக்கொண்டு பத்துமலைக்கு நடந்ததைப் போன்ற பக்தியே அது. அதில் வாள் இல்லை, அரச கட்டளையும் இல்லை.

வாளும் கட்டளையும் பின்னர் வந்தன. 1869இல் மெய்ஜி பேரரசர் நேரில் ஈசே சென்று வழிபட்டார். அவருடைய அரசு ஜின்ஜாக்களைத் தன் நிருவாகத்துக்குள் கொண்டுவந்து, அமதெராசுவின் வழித்தோன்றல் பேரரசர் என்ற நம்பிக்கையை அரசக் கொள்கையாகவே ஆக்கியது. கடலில் குளித்து அகப்பையோடு நடந்தவர்களின் தேவி இவ்வாறு படைகளின் முன்னே நிறுத்தப்பட்டாள். ஜப்பான் பிடித்த நிலங்களிலெல்லாம் ஜின்ஜா எழுந்தது: 1901இல் தைப்பேயில், 1925இல் சியோலில், பிறகு சிங்கப்பூரில். இந்த வரலாற்றில் குற்றவாளி ஷிந்தோ அன்று. ஒரு மக்களின் பக்தியைப் பிற மக்களின் முதுகில் ஏற்றிய அரசே குற்றவாளி.

ஷோனான் ஜின்ஜாவில் வெற்றியின் ஆண்டு நிறைவும் பேரரசர் பிறந்த நாளும் கொண்டாடப்பட்டன. சீன, மலாய், இந்திய சமூகங்களின் பெரியவர்கள் அங்கே வந்து தலை வணங்க வேண்டியிருந்தது. மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டன. 1942ஆம் ஆண்டு ஜப்பானிய ஆண்டுக் கணக்கின்படி 2602 என்று எழுதப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் கிழக்கு நோக்கிக் குனிந்து ஜப்பானிய நாட்டுப்பண்ணான கிமிகயோவைப் பாடினார்கள். இதே காலத்தில் புக்கிட் பாத்தோக் குன்றில் ஜப்பானிய வீரர்களின் நினைவாக மரத்தூண் ஒன்றும் கைதிகளின் கையால் எழுப்பப்பட்டது. அதன் பின்புறம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்களுக்காக ஒரு மரச்சிலுவை நடவும் ஜப்பானியர் அனுமதித்தார்கள். தோற்ற எதிரிக்கு இடம் விட்ட அந்தச் செயல் பாராட்டத் தக்கது; ஆயினும் உழைத்தே மாண்ட தமிழருக்கு அந்தக் குன்றில் அத்தகைய இடம் இல்லை என்பதையும் அதனோடு சேர்த்தே எழுத வேண்டும்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பிரிட்டிஷார் திரும்பி வருமுன், அவர்கள் கையால் இழிவு நேரக்கூடாது என்று கருதிய ஜப்பானியர் சடங்கு செய்து ஷோனான் ஜின்ஜாவைத் தாமே அழித்தார்கள். புக்கிட் பாத்தோக் தூணும் அவ்வாறே மறைந்தது. கருங்கல் தொட்டியும் படிகளும் பாலத்தின் அடிக்கட்டைகளும் எஞ்சின. அவ்விடத்தைச் சிங்கப்பூர் அரசு 2002இல் வரலாற்றுத் தலமாக அறிவித்தது. மூல ஈசேயும் தோல்விக்குத் தப்பவில்லை: 1949இல் நடக்க வேண்டிய புதுப்பிப்பு நான்கு ஆண்டுகள் தள்ளி 1953இல்தான் நடந்தது.

சயாமுக்குச் சென்ற தோட்டத் தமிழரின் கதைக்கு இந்தப் பகுதியில் இடமில்லாமல் போயிற்று. ஆயினும் ஜின்ஜாவோடு தொடர்புடைய ஒரு செய்தியை இப்போதே குறிப்பிட வேண்டும். சயாமின் பான்போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்த இரயில் பாதையில் ஓடிய சி 5631 என்னும் நீராவி எஞ்சின், இன்று தோக்கியோவின் யாசுகுனி ஜின்ஜாவைச் சேர்ந்த அருங்காட்சியகத்தின் முகப்பில் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. யாசுகுனி, ஜப்பானுக்காகப் போரில் மாண்டவர்களைக் காமிகளாக ஏற்றுப் போற்றும் தலம். எஞ்சினுக்கு அங்கே இடம் கிடைத்தது. அது ஓடிய தண்டவாளத்துக்கு மண் வெட்டிய தமிழருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பாதையோரம் உள்ள காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்க, அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட முழுமையாக இல்லை.

சிரம்பானுக்கும் தம்பினுக்கும் இடையே சுங்கை காடுட் வழியாகச் செல்லும் இரயில் தடத்தின் இருபுறமும் இருந்த தோட்டங்களைப் பற்றி அடுத்த வாரம் விரிவாகப் பார்க்கலாம். சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தா, பெரியப்பா, மாமன் உள்ள குடும்பத்தார், அவர்களுடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கங்காணியின் பெயரையும் வீட்டிலுள்ள முதியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.