20 டிகிரி, 50 சதவீதம்

உலகின் பெரிய கலை அருங்காட்சியகங்களை அரை நூற்றாண்டு ஆண்ட ஒரு விதி மறைந்துவருகிறது. வெப்பம் 20 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 5க்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கோடையோ பனியோ, பகலோ நடுநிசியோ, இதில் மாற்றமில்லை.

அதன் வேர் வேல்ஸின் மானட் மலையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தப்பவைக்க, லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களை 1941இல் அங்கிருந்த சிலேட்டுக்கல் சுரங்கத்துக்குள் கொண்டுபோனார்கள். வான் டைக் வரைந்த, குதிரைமேல் அமர்ந்த முதலாம் சார்லஸ் மன்னரின் பிரம்மாண்டமான படம் போவதற்காக, வழியிலிருந்த ரயில் பாலத்தின் அடியில் சாலையையே தோண்டித் தாழ்த்தினார்கள். மலைக்குள் காற்று ஆண்டு முழுதும் ஒரே குளிர்ச்சி, ஒரே ஈரம். உள்ளே செங்கல் அறைகள் கட்டி அந்தக் காற்றை 17 டிகிரிக்குச் சூடேற்றினார்கள். ஈரப்பதம் 42 சதவீதத்தில் நிலைத்தது. லண்டனில் ஓயாமல் உரிந்துகொண்டிருந்த வண்ணப்பூச்சு அங்கே ஏறக்குறைய உரியவே இல்லை. போர் முடிந்து திரும்பியதும் பழைய தொல்லை மறுபடி தலைதூக்கியது. பலகை ஈரத்தைக் குடித்து உப்புகிறது, காய்ந்து சுருங்குகிறது. மேலே இருக்கும் வண்ணம் அதோடு சேர்ந்து அசைய முடியாமல் வெடிக்கிறது. ஓவியங்களைப் பிள்ளைகளாய்ப் பார்த்தவர்கள் மலை தந்த அமைதியை நகரத்திலும் கேட்டதில் தவறே இல்லை.

ஆனால் எடுத்துவந்தது மாறாத காற்று என்ற இலக்கை மட்டும்; கல்லை அல்ல. கல் சும்மா செய்ததை இயந்திரம் செய்ய வேண்டியதாயிற்று. ஈரத்தைப் பிழியக் காற்றைக் கடுமையாகக் குளிர்விப்பது, பிறகு அதையே மறுபடி சூடாக்குவது, குளிர்காலத்தில் நீராவி ஊட்டுவது. இருபத்துநான்கு மணி நேரமும் இதே வேலை. எத்தனை நிலக்கரி, எத்தனை எரிவாயு!

நேஷனல் கேலரியின் அறிவியல் ஆலோசகர் கேரி தாம்சன் 1978இல் எழுதிய நூல்தான் இந்த விதியை உலகெங்கும் பரப்பியது. அந்தக் குறுகிய வரம்பு, ஓவியம் எவ்வளவு தாங்கும் என்பதைவிட இயந்திரம் எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பதைப் பார்த்தே வைக்கப்பட்டது என்று அவரே ஒளிக்காமல் சொன்னார். இத்தனை இயந்திரமும் செலவும் உலகின் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குக் கட்டுப்படியாகாதே என்றும் வருந்தினார். நூலைப் படித்தவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். அருங்காட்சியகங்கள் தங்களுக்குள் போடும் இரவல் ஒப்பந்தங்களில் ஏறிய பிறகு அந்த எண் சட்டம் போலாகிவிட்டது.

1990களில் ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் மரத்தையும் பசையையும் வண்ணத்தையும் இழுத்துச் சோதித்து, பெரும்பாலான பொருள்கள் இதைவிட அகலமான ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் என்று காட்டினார்கள். பெரிய அருங்காட்சியக இயக்குநர்களின் பிஸோ குழு 16 முதல் 25 டிகிரி, 40 முதல் 60 சதவீதம் என்று வரம்பைத் தளர்த்தியது. 2014இல் பாதுகாப்பு வல்லுநர்களின் இரு உலக அமைப்புகள் சூழலையும் கணக்கில் எடுத்து ஒரு கூட்டு அறிக்கை வெளியிட்டன. மெல்லிய மரப்பலகை ஓவியம் போன்ற நொய்ந்த பொருளுக்குத் தனிக் கண்ணாடிப் பேழை போதும். அதற்காகக் கட்டடம் முழுவதையும் குளிர்விக்க வேண்டியதில்லை.

இயந்திரத்தின் வேலையில் பெரும்பகுதியைக் கட்டடமே செய்யவும் முடியும். டென்மார்க்கின் ரீபேயில் கட்டிய அருங்காட்சியகக் காப்புக் கிடங்கில் சுவர்கள் கனமானவை. தரைக்கு மட்டும் வெப்பத்தடுப்பு இல்லை. பூமியே கோடையில் வெப்பத்தை வாங்கிக் குளிர்காலத்தில் திருப்பித் தருகிறது. மானட் மலையின் உண்மையான வாரிசு இதுதான்.

இன்றும் சில இரவல் ஒப்பந்தங்களில் அந்தப் பழைய எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையெழுத்திடுபவர்களே, அதை அடித்துவிடுங்கள்.