ஒரு கிள்ளுப் புகையிலை போகும் வழி

புகையிலைச் செடி தன் நஞ்சை வேரில் காய்ச்சுகிறது. நிகோடின் என்ற அந்த நஞ்சு தண்ணீரோடு தண்டில் ஏறி இலையில் போய்த் தங்கும். புழு இலையைக் கடித்தால் வேர் இன்னும் கூடுதலாகச் சுரக்கும். பூச்சியின் நரம்பைக் குலைப்பதற்காகச் செடி வைத்திருக்கும் காவல் இது. தென் அமெரிக்காவில் பிறந்த இந்தக் காவல், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடியில் வெயிலில் வேலை செய்கிற ஒருவரின் கன்னத்துக்குள் வந்து ஒதுங்குகிறது.

கடல் தாண்டிக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்கே புகையிலை போய்விட்டது. அவர் மகன் ஜஹாங்கீர் 1617இல் தடை போட்டும் நிற்கவில்லை. நம் பக்கம் வேதாரண்யத்து மணலிலும் திண்டுக்கல் வட்டாரத்திலும் அது வேர் பிடித்தது. வேடசந்தூரில் 1948இல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அறுத்த இலையை வெயிலில் காயவைத்து, குவித்து மூடிப் புழுங்கவிட்டு, திருப்பித் திருப்பி அடுக்கிப் பதம் பார்க்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் வேரில் பிறந்த நஞ்சு இலையை விட்டுப் போவதில்லை.

பந்தல்குடி சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன ஊர். அந்தக் கல் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. புகையிலையோடு சேரும் சுண்ணாம்பு தனியாக டப்பாவில் வருகிறது. அந்தச் சுண்ணாம்பு செய்கிற வேலை பெரிது. இலைக்குள் இருக்கும் நிகோடின் பெரும்பாலும் அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு உப்பாகக் கிடக்கும். அந்த நிலையில் கன்னத்துச் சவ்வைக் கடப்பது கடினம். சுண்ணாம்பின் காரம் பட்டதும் அது விடுபட்டுச் சவ்வுக்குள் எளிதாக இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். ரசாயனம் படிக்காத முன்னோர் நாக்கை மட்டும் நம்பி இந்தச் சேர்க்கையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

யார் போடுகிறார்கள்? சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர், கல் சுமக்கிறவர், தறியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர், தூத்துக்குடி ரோட்டில் லாரி ஓட்டுகிறவர். "பசி தெரியாது, கை ஓடும்" என்பார்கள். அது பொய்யில்லை. நிகோடின் பசியை மட்டுப்படுத்தும், கவனத்தைக் கூட்டும். 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்தினார்கள். வாய்ப்புற்றுநோய் இந்த நாட்டில் இவ்வளவு மலிந்திருப்பதற்கு இதுவே முதன்மையான காரணங்களில் ஒன்று.

கன்னத்திலிருந்து ரத்தத்தில் ஏறியது மூளையை எட்டுகிறது. அங்கே அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் சாற்றுக்கென்று அமைந்த ஏற்பிகளில் நிகோடின் உட்கார்ந்துகொள்கிறது. நடுமூளையிலிருந்து முன்மூளையின் அடிப்பகுதிக்கு ஓடும் ஒரு நரம்புப் பாதை அதனால் உசுப்பப்பட்டு டோபமைனைச் சுரக்கிறது. சோறு, தண்ணீர், உறவு என்று உயிருக்கு வேண்டியதை நோக்கி நம்மை நகர்த்தும் பாதை அதுதான். எலியின் மூளையில் மின்கம்பி செருகி, மிதியை அழுத்தினால் மின்சாரம் பாயும்படி ஓல்ட்ஸ், மில்னர் என்ற ஆய்வாளர்கள் கனடாவில் அமைத்த சோதனை 1954இல் வெளிவந்தது. அந்த எலிகள் மிதியை ஓயாமல் அழுத்தின. இந்தப் பாதையைத் தேடும் ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம்.

இனி நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழகப் பழக எல்லாம் மரத்துப்போகும் என்று நினைக்கிறோம். பாதி சரி, முதல்முறை வந்த தலைச்சுற்றல் பிறகு வராது. ஆனால் வேறொன்று எதிர்த்திசையில் வளர்கிறது. ஆம்ஃபெட்டமைன், கொக்கெய்ன் போன்ற ஊக்கப் போதைகளை இடைவெளி விட்டுவிட்டுக் கொடுத்தால் எலிகள் அதே அளவு போதைக்கு முன்பைவிட அதிகமாகத் துள்ளுகின்றன. பல மாதம் நிறுத்திவைத்துக் கொடுத்தாலும் அப்படியே. நிகோடினுக்கும் இது பொருந்தும், வேகம் குறைவு என்றாலும். மாண்ட்ரியலில் ஆரோக்கியமான 10 ஆண்களுக்கு சில முறை மட்டும் ஆம்ஃபெட்டமைன் கொடுத்து, ஓராண்டு கழித்து மீண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நாளைவிட அதிக டோபமைன் சுரந்தது. அந்த முடிவு 2006இல் வெளியானது. கரிசலில் ஒரு மழை அறுத்த ஓடையில் அடுத்த மழை இன்னும் வேகமாகப் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபின்சனும் பெர்ரிட்ஜும் 1993இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இன்பம் வேறு, வேட்கை வேறு. இரண்டுக்கும் மூளையில் தனித்தனி ஏற்பாடு. போதை வேட்கையின் பாதையைக் கூர்மையாக்குகிறது, இன்பத்தைக் கூட்டுவதில்லை. "இப்ப ஒரு சொகமும் இல்ல, ஆனா போடாம இருக்க முடியல" என்று வருடக்கணக்காகப் போடுகிறவர்கள் சொல்வது இதைத்தான். கூர்மையான வேட்கை பொருளோடு நிற்காமல் அதைச் சுற்றியுள்ளவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது: கடை வாசல், டீ குடித்து முடித்த வாய், கூட வேலை செய்பவர் பொட்டலம் கிழிக்கும் சத்தம்.

நிகோடின் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கல்லீரல் அதைக் கோட்டினினாக மாற்ற, சில நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். பெருகியிருந்த ஏற்பிகளும், புகைபிடிப்பவர்களிடம் பார்த்தவரை, சில வாரங்களில் பழைய அளவுக்குத் திரும்புகின்றன. அந்த ஓடை மட்டும் அவ்வளவு சீக்கிரம் தூர்வதில்லை. அதனால்தான் இரண்டு வருடம் தொடாமல் இருந்தவர் ஒரு கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டைக் கண்டதும் கை நீட்டிவிடுகிறார். "மனசுல உறுதி இல்ல" என்று வீட்டில் திட்டுகிறோம். அது அநியாயம். அவர் மூளை பழைய அடையாளத்தைக் கண்டு இழுக்கிறது. அந்த இழுப்பு சில நிமிடங்களில் தணியும் என்று அவருக்கு யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும்.

விட நினைப்பவர் கொஞ்ச காலத்துக்குக் கடை இருக்கும் தெருவை மாற்றிக்கொள்ளலாம். டப்பாவை மடியிலிருந்து எடுத்துவிடலாம். நிகோடின் சூயிங்கம் மெதுவாக ஏறுவதால் வேட்கையைத் தணித்துப் படிப்படியாகக் குறைக்க உதவும். மருந்துக் கடையில் கிடைக்கிறது, மருத்துவரைக் கேட்டு வாங்குவது நல்லது. புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் பேசலாம். திரும்ப ஒருமுறை போட்டுவிட்டாலும், மறுநாளே அந்த எண்ணுக்கு மறுபடி போன் செய்யலாம்.