திரையும் பாக்ஸ் ஸ்கோரும்: பேஸ்பால் படங்களை ரசிகர்கள் பார்த்த வரலாறு

புதிய பேஸ்பால் படம் ஒன்று வெளியானால் அமெரிக்க ரசிகர் அதைக் கதையாக மட்டும் பார்ப்பதில்லை. நடிகர் எந்தக் கையால் ஆடுகிறார், பந்தை எறியும்போது அவருடைய தோள் எப்படித் திரும்புகிறது, சட்டையிலுள்ள எண் அந்த ஆண்டுக்குப் பொருந்துகிறதா, அந்தத் தேதியில் அந்த அணி அந்த ஊரில்தான் ஆடியதா என்று ஒவ்வொன்றாகக் கவனிப்பார். இந்தப் பழக்கம் ஆட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர், ஓர் ஆட்டத்தின் முழு நடப்பையும் சிறு அட்டவணைக்குள் அடக்கும் ‘பாக்ஸ் ஸ்கோர்’ முறையை வளர்த்தெடுத்தார். நாளிதழ்கள் அதைத் தவறாமல் அச்சிட்டன. மைதானத்துக்குப் போனவர்கள் தங்கள் கையாலேயே ஸ்கோர் அட்டை நிரப்பினார்கள். 1971இல் கூப்பர்ஸ்டவுனில், ஆட்டத்தின் கடந்த காலத்தை ஆராய்வதற்கென்றே ஒரு சங்கமும் தொடங்கப்பட்டது. இவ்வளவு ஆவணங்களைக் கையில் வைத்திருக்கும் ரசிகர் கூட்டத்தின் முன்னால்தான் ஹாலிவுட் தன் படங்களைத் திரையிட வேண்டியிருந்தது.

சினிமா பிறந்த உடனேயே பேஸ்பால் அதற்குள் வந்துவிட்டது. எடிசன் நிறுவனம் 1898இல் ஓர் ஆட்டத்தின் சில நொடிகளைப் படம்பிடித்தது. 1920இல் ஆட்டக்காரர் பேப் ரூத் தாமே நடித்த ‘ஹெடின் ஹோம்’ வெளிவந்தது. பால்டிமோர் நகரத்துத் தெருக்களிலும் செயின்ட் மேரிஸ் தொழிற்பள்ளியிலும் வளர்ந்த ரூத்தை, அந்தப் படம் சிற்றூர் ஒன்றில் தாயின் அரவணைப்பில் வளர்ந்த பிள்ளையாகக் காட்டியது. உண்மையான ஆட்டக்காரரின் முகத்தோடு பொய்யான வாழ்க்கையை இணைக்கும் வழக்கம் இப்படித் தொடக்கத்திலேயே வேரூன்றியது. அன்றைய பார்வையாளர்களுக்கு ரூத்தைப் பெரிய திரையில் காண்பதே போதுமானதாக இருந்தது.

ரசிகர்களின் கண்ணுக்கு முதல் பெரிய சோதனை 1942இல் வந்த ‘தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்’. தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடிய லூ கெரிக், நரம்பு நோயால் 1939இல் ஆட்டத்தை விட்டு, 1941 ஜூன் 2 அன்று இறந்தார். ஓராண்டு சற்றுக் கடந்த நிலையில் சாமுவேல் கோல்ட்வின் தயாரித்து, சாம் வுட் இயக்கிய படம் திரைக்கு வந்தது. கெரிக்காக நடித்தவர் கேரி கூப்பர். கெரிக் இடது கை ஆட்டக்காரர். கூப்பர் வலது கைக்காரர், அதுவரை பேஸ்பாலில் பழக்கமும் இல்லாதவர். பேஸ்பாலில் இது சிறிய வேறுபாடு அல்ல. அடித்தவுடன் ஓட வேண்டிய முதல் பேஸுக்கு, இடது கை மட்டையாளர் ஓரிரு எட்டு பக்கத்தில் நிற்கிறார். அவர் அடிக்கும் பந்துகள் பெரும்பாலும் வேறு திசையில் போகின்றன. எதிரணியினர் நிற்கும் இடம்கூட அதற்கேற்ப மாறுகிறது. ஆட்டம் தெரிந்தவருக்கு ஒருவர் எந்தக் கையால் ஆடுகிறார் என்பது அவருடைய முகத்தைப் போன்ற அடையாளம்.

முன்னாள் ஆட்டக்காரர் லெஃப்டி ஓ’டூல் கூப்பருக்குப் பயிற்சி கொடுத்தார். எழுத்துகள் இடவலம் மாறிய சட்டையைக் கூப்பருக்கு அணிவித்து, வலது கையால் அடித்து மூன்றாவது பேஸை நோக்கி ஓடவைத்து, பிறகு படச்சுருளைத் திருப்பிப் போட்டார்கள் என்ற கதை பல பத்தாண்டுகள் உலவியது. பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமின் காப்பாளர் டாம் ஷீபர், 2013இல் படத்தைக் காட்சி காட்சியாக ஆராய்ந்தார். மட்டையடிக்கும் காட்சிகளில் கூப்பர் உண்மையிலேயே இடது கையால்தான் ஆடியிருக்கிறார் என்றும், திருப்பிப் போடும் உத்தி பந்தெறியும் காட்சிக்கு மட்டுமே பயன்பட்டிருக்க வேண்டும் என்றும் அவர் முடிவுக்கு வந்தார். எழுபதாண்டுப் பழைய படத்தின் ஒரு கையசைவுக்காக இத்தனை உழைப்பு செலவானது வியப்பல்ல. கெரிக்கை நேசித்தவர்களுக்கு அந்தக் கை முக்கியம்.

அதே படம் இன்னொரு பெரிய மாற்றத்தைச் செய்திருந்தது. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் குறைபடவில்லை. 1939 ஜூலை 4 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் கெரிக் ஆற்றிய பிரியாவிடை உரையில், தாம் பெரும் பாக்கியசாலி என்ற வாக்கியம் தொடக்கத்திலேயே வருகிறது. படம் அதைக் கடைசி வாக்கியமாக்கியது. அந்த உரையின் சில துண்டுகளே செய்திப்படத்தில் எஞ்சியிருப்பதால், கூப்பர் பேசிய வடிவமே பலருடைய நினைவில் கெரிக்கின் குரலாகத் தங்கிவிட்டது. 1943இல் தென்மேற்குப் பசிபிக் போர்முனைக்குக் கூப்பர் கலைக்குழுவோடு சென்றபோது, படைவீரர்கள் அந்த உரையைச் சொல்லும்படி கேட்டார்கள். அவர் வரிகளை நினைவுகூர்ந்து எழுதிக்கொண்டு வந்து சொன்னார். பிறகு முகாம்தோறும் அதே வேண்டுகோள் வந்தது. ரூத், பில் டிக்கி, பாப் மியூசல், மார்க் கோனிக் ஆகிய பழைய யாங்கீஸ் வீரர்கள் தாங்களாகவே நடித்தது படத்துக்கு மேலும் நம்பகம் சேர்த்தது.

ஆறாண்டுகள் கழித்து வந்த ‘தி பேப் ரூத் ஸ்டோரி’ இதற்கு நேர்மாறான வரவேற்பைப் பெற்றது. ரூத் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். அவர் உயிரோடிருக்கும்போதே படத்தை வெளியிட அவசரப்பட்டார்கள். 1948 ஜூலை 26 அன்று நியூயார்க்கில் நடந்த முதல் காட்சிக்கு வந்த ரூத், உடல் தாங்காமல் பாதியிலேயே எழுந்து போனார். ஆகஸ்ட் 16 அன்று காலமானார். வில்லியம் பென்டிக்ஸ் மட்டை சுழற்றிய விதத்தில் ரூத்தின் சாயலே இல்லை. நோயுற்ற சிறுவன் ரூத்தின் ஒரு சொல்லால் குணமடைவது போன்ற காட்சிகள், அவரை நேரில் பார்த்த தலைமுறையைச் சங்கடப்படுத்தின. 1932 உலகத் தொடரில் ரூத், பந்து போகும் இடத்தை விரலால் சுட்டிக்காட்டிவிட்டு, எல்லைக்கு வெளியே ஹோம் ரன் அடித்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியும் படத்தில் உண்டு. அன்று பந்து வீசிய சார்லி ரூட் தாமாகவே நடிக்க அழைக்கப்பட்டபோது மறுத்துவிட்டார். ரூத் அப்படிச் சுட்டிக்காட்டவே இல்லை என்பதுதான் அவர் கடைசிவரை சொன்னது. ஒரு மாவீரனை அவனுடைய கடைசி நாட்களில் இத்தனை மலிவாகப் படமெடுத்ததை ரசிகர்கள் மன்னிக்கவில்லை. மிக மோசமான பேஸ்பால் படங்களைப் பட்டியலிடும்போது இதன் பெயர் இன்றும் முன்னால் வருகிறது.

ஐம்பதுகளில் வாழ்க்கை வரலாறுகள் வரிசையாக வந்தன. கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் 1950இல் தம் கதையில் தாமே நடித்தார். 1957இல் ‘ஃபியர் ஸ்ட்ரைக்ஸ் அவுட்’ படத்தில் ஆட்டக்காரர் ஜிம்மி பியர்சாலின் மனநோயை ஆண்டனி பெர்கின்ஸ் அழுத்தமாகக் காட்டினார். ஆனால் அவர் பந்தெறிந்த விதம் ரசிகர்களிடம் நெடுங்காலக் கேலிக்கு உள்ளானது. பியர்சாலுக்கும் படம் பிடிக்கவில்லை.

1984இல் ‘தி நேச்சுரல்’ வேறொரு கேள்வியை எழுப்பியது. பெர்னார்ட் மாலமூட் 1952இல் எழுதிய நாவலில் நாயகன் கடைசியில் தோற்று நிற்கிறான். படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் அடித்த பந்து மைதான விளக்குகளில் மோதி, தீப்பொறி மழையாகக் கொட்டுகிறது. இலக்கிய வாசகர்கள் முகம் சுளித்தார்கள். மைதானத்து ரசிகர்கள் அந்த ஹோம் ரன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள்.

1988, 1989 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வந்த நான்கு படங்கள் ரசிகர்களின் பழக்கவழக்கங்களையே மாற்றின. ‘புல் டரம்’ படத்தை எழுதி இயக்கிய ரான் ஷெல்டன், பால்டிமோர் ஓரியோல்ஸின் கீழ்நிலை அணிகளில் ஆடியவர். நெடும் பேருந்துப் பயணம், பந்து வீசும் பிட்சரின் மேட்டில் கூடிநின்று ஆட்டத்துக்குத் தொடர்பில்லாததைப் பேசும் வீரர்கள், மேலே போகவே முடியாத முதிர்ந்த கேட்சர் ஆகிய எல்லாமே அவர் வாழ்ந்து பார்த்தவை. ஆட்டக்காரர்களே இந்தப் படத்தைத் தங்கள் படம் என்றார்கள். படப்பிடிப்புக்காக வட கரோலினாவின் டரம் மைதானத்தில் ஒரு பெரிய காளைப் பலகை வைக்கப்பட்டது. பந்து அதன்மேல் பட்டால் அடித்தவருக்கு ஸ்டேக் பரிசு என்று அதில் எழுதியிருந்தது. படம் முடிந்தும் ரசிகர்கள் விரும்பியதால் பலகை அங்கேயே நின்றது. 1995இல் கட்டப்பட்ட புதிய மைதானத்திலும் அப்படியொரு காளை இடம்பெற்றது. ‘மேஜர் லீக்’ க்ளீவ்லாந்து அணியைப் பற்றிய படம்; ஆனால் பெரும்பாலும் மில்வாக்கியில் எடுக்கப்பட்டது. 1954க்குப் பிறகு லீக் பட்டம் காணாத க்ளீவ்லாந்து ரசிகர்களுக்கு அந்த ஊர் மாற்றம் பொருட்டாகவே இல்லை. கடைசி நேரப் பிட்சர் மைதானத்துக்குள் வரும்போது பாட்டு முழங்கும் வழக்கம் பரவியதற்கு, அந்தப் படத்தில் சார்லி ஷீன் நுழையும் காட்சியும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

மற்ற இரண்டு படங்களும் ஒரே மனிதரைப் பற்றியவை: ஷூலெஸ் ஜோ ஜாக்சன். 1919 உலகத் தொடரில் பணம் வாங்கித் தோற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, வாழ்நாள் தடை பெற்ற எட்டு சிகாகோ வீரர்களில் அவர் ஒருவர். ஜான் சேல்ஸ் இயக்கிய ‘எய்ட் மென் அவுட்’டில் ஜாக்சனாக நடித்த டி. பி. ஸ்வீனி, இடது கையால் அடிக்கப் பாடுபட்டுப் பழகினார். மறு ஆண்டு வந்த ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ படத்தில் ரே லியோட்டா வலது கையால் அடித்தார். ஜாக்சன் இடது கை மட்டையாளர் என்பது எல்லாருக்கும் தெரிந்ததால் கண்டனம் உடனே எழுந்தது, இன்றும் ஓயவில்லை. அதே படம், பெரிய லீக்கில் ஒரே ஓர் ஆட்டம் மட்டும் ஆடிய மூன்லைட் கிரஹாமின் அந்த ஆட்டத்தை 1905இலிருந்து 1922க்கு நகர்த்தியது. கிரஹாம் கற்பனைப் பாத்திரம் என்றே நினைத்திருந்த பலர், பதிவேட்டைப் புரட்டி அந்த ஒற்றை வரியைக் கண்டு மலைத்தார்கள். மூல நாவலை எழுதிய டபிள்யூ. பி. கின்செல்லாவும் அவரைப் பேஸ்பால் கலைக்களஞ்சியம் ஒன்றில்தான் கண்டெடுத்திருந்தார்.

பிழைகள் இவ்வளவு இருந்தும், வேறு எந்தப் படத்துக்கும் கிடைக்காத ஒன்று இதற்குக் கிடைத்தது. அயோவா மாநிலத்தின் டயர்ஸ்வில் அருகே, சோளக்காட்டில் படத்துக்காக அமைத்த மைதானத்தைத் தேடி மக்கள் வரத் தொடங்கினார்கள். தந்தையும் மகனும் பந்து எறிந்து பிடித்து விளையாடும் இறுதிக் காட்சியைத் தாங்களும் நடத்திப் பார்க்கக் கையுறையோடு வந்தார்கள். தந்தையை இழந்தவர்களும், தந்தையோடு பேச்சற்றுப் போனவர்களும் அந்தக் காட்சிக்கு அழுதார்கள். அந்தக் கண்ணீருக்கு முன்னால் மட்டை எந்தக் கையில் இருந்தது என்பது பின்னால் போய்விட்டது. 2021 ஆகஸ்ட் 12 அன்று, அந்த இடத்துக்குப் பக்கத்தில் கட்டிய தற்காலிக மைதானத்தில் வொயிட் சாக்ஸ் அணி யாங்கீஸை 9–8 என்று வென்றது; வீரர்கள் சோளப் பயிருக்குள்ளிருந்து நடந்து வந்தார்கள். ஜாக்சன் மீதான தடை, இறந்த வீரர்கள் எல்லாருக்குமான ஓர் அறிவிப்பின் மூலம் 2025 மே மாதம் நீக்கப்பட்டது. அதற்குள் இரண்டு தலைமுறை ரசிகர்கள் அவரைத் திரையில் பார்த்து, அவருக்காக இரங்கியிருந்தார்கள்.

1992இல் பென்னி மார்ஷல் இயக்கிய ‘எ லீக் ஆஃப் தெய்ர் ஓன்’ ரசிகர்களுக்கே தெரியாத வரலாற்றைக் கொண்டுவந்தது. 1943 முதல் 1954 வரை நடந்த பெண்கள் லீக் அநேகமாக மறக்கப்பட்டிருந்தது. 1988இல்தான் ஹால் ஆஃப் ஃபேமில் அதற்கென ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. படம் வெளியானதும், அறுபதும் எழுபதும் கடந்த அந்த ஆட்டக்காரர்களைத் தேடி ரசிகர்கள் கையொப்பம் கேட்டு வந்தார்கள். படத்தில் ராக்ஃபோர்ட் பீச்சஸ் இறுதித் தொடர்வரை போகிறது. உண்மையில் 1943இல் ரசீன் அணி கெனோஷாவை வென்றது. தொடக்க ஆண்டுகளில் பந்து பெரியது, தோளுக்குக் கீழிருந்து வீசப்பட்டது. படம் அதைக் காட்டவில்லை. கறுப்பினப் பெண்களுக்கு அந்த லீக்கில் இடமில்லை என்ற உண்மையை, பந்தைத் திருப்பி எறியும் ஒரு பெண்ணின் சில நொடிகளில் சொல்லிவிட்டுப் படம் கடந்தது. அந்தச் சில நொடிகள் போதாது என்ற குறை நியாயமானது. டோனி ஸ்டோன் போன்றவர்கள் கறுப்பினத்தவருக்கான நீக்ரோ லீக்கில் ஆண்களோடு ஆடியது தனிப்படத்துக்குரிய கதை.

2011இல் ‘மனிபால்’ வந்தபோது ரசிகர்களிடம் இன்னொரு கருவியும் இருந்தது: எந்த ஆட்டத்தின் எண்களையும் நொடியில் எடுத்துப் பார்க்க முடிந்தது. 2002இல் ஓக்லாந்து அணி குறைந்த செலவில் 103 வெற்றிகள் பெற்றதும், அதில் தொடர்ச்சியாக 20 வென்றதும் கதை. இருபதாவது வெற்றியில் 11–0 என்ற முன்னிலை கரைந்து, ஸ்காட் ஹாட்டிபர்க் ஹோம் ரன் அடித்து முடித்தது அப்படியே நடந்தது. அந்தக் காட்சியைப் பார்த்து ஓக்லாந்து ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த ஆண்டு மிகச் சிறந்த வீரர் விருது பெற்ற மிகேல் தெஹாதா, சிறந்த பிட்சர் விருது பெற்ற பேரி சீட்டோ, டிம் ஹட்சன், மார்க் மல்டர் ஆகியோர் படத்தில் ஏறக்குறைய இல்லை. ஒதுக்கப்பட்டவர்களை எண்கணக்கால் திரட்டி வென்ற கதைக்கு அவர்கள் இடைஞ்சல். 2001லேயே அணியில் இருந்த சாட் பிராட்ஃபோர்டைப் புதிதாக வாங்குவதாகப் படம் காட்டியதையும் ரசிகர்கள் சுட்டிக்காட்டினார்கள். அணியின் மேலாளர் ஆர்ட் ஹௌவைப் பிடிவாதக்காரராகக் காட்டியதுதான் ஆழமாக உறுத்தியது. தம்மைப் படம் தவறாகச் சித்திரித்ததாக ஹௌவே வெளிப்படையாக வருந்தினார்.

2013இல் வந்த ‘42’ படத்திலும் ஒருவர் அப்படித் தவறாகச் சித்திரிக்கப்பட்டார். ஜாக்கி ராபின்சனாகச் சாட்விக் போஸ்மன் ஓடிய விதத்தையும் பேஸ் திருடிய துடிப்பையும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் பிட்ஸ்பர்க் பிட்சர் ஃப்ரிட்ஸ் ஆஸ்டர்முல்லர் இனவெறியோடு ராபின்சனின் தலையில் பந்தெறிவதாக ஒரு காட்சி உண்டு. 1947 மே மாதம் அவர் வீசிய பந்து உண்மையில் பட்டது ராபின்சனின் கையில். ஆஸ்டர்முல்லர் இடது கைப் பிட்சர். படத்தில் வலது கையால் வீசுகிறார். நிறவெறியை எதிர்த்து எடுத்த படத்தில், உண்மையான கொடுமைகள் எத்தனையோ இருக்க, இறந்துபோன ஒருவரின் பெயரில் இல்லாத குற்றத்தைச் சேர்த்திருக்க வேண்டியதில்லை.

மறு ஆண்டு வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’, 2008இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரு இந்திய இளைஞர்களின் கதை. படம் அவர்களைவிட அவர்களைக் கண்டுபிடித்த அமெரிக்க முகவரையே நடுவில் வைத்தது என்ற குறை எழுந்தது.

அண்மைப் படங்களில் ரசிகர்களின் நம்பிக்கையை அதிகம் பெற்றது கார்சன் லுண்ட் இயக்கிய ‘ஈஃபஸ்’. 2024இல் கான் விழாவில் காட்டப்பட்டு, 2025 மார்ச்சில் அமெரிக்கத் திரைகளுக்கு வந்தது. ஈஃபஸ் என்பது மட்டையாளரை ஏமாற்ற மிக மெதுவாக, உயர வளைந்து வரும்படி வீசும் பந்து. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பள்ளி கட்டுவதற்காக அழிக்கப்படவிருக்கும் மைதானத்தில், இரண்டு உள்ளூர் அணிகள் ஆடும் கடைசி ஆட்டம்தான் முழுப்படமும். புகழ்பெற்ற வீரர் எவருடைய வாழ்க்கையும் இதில் இல்லை. சரிபார்க்கத் தேதிகளும் இல்லை. தொந்தி விழுந்தவர்கள் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். இருட்டிய பிறகும் கார் விளக்குகளைப் போட்டு ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து விடாமல் ஸ்கோர் எழுதுகிறார். இடையில் திடீரென வந்து பந்து வீசிவிட்டுப் போகிறவர், முன்னாள் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பிட்சர் பில் லீ. 1975 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவர் வீசிய அப்படியொரு மெதுவான பந்தைத்தான் டோனி பெரெஸ் ஹோம் ரன்னுக்கு அடித்தார். பாஸ்டன் அந்தத் தொடரை இழந்தது. அதை நினைவில் வைத்திருந்த ரசிகர்களுக்கு அவர் யாரென்று படம் விளக்க வேண்டியிருக்கவில்லை.